சூசையப்பர் திருநாளில் மலையிறங்கிய பிள்ளைகள்: ஆல்ப்ஸ் மலையின் குழந்தை வேலைச் சந்தை, ஒரு நிகழ்வு ஆய்வு

மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள். 19ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவின் மேற்கு டிரோல், ஃபோரார்ல்பெர்க், சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் பகுதிக் கிராமங்களில் அந்த நாளையொட்டி ஒரு புறப்பாடு நடக்கும். ஏழெட்டு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் துணி மூட்டையோடு கூடுவார்கள். வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார். சில ஊர்களில் பங்குத்தந்தையே அந்தப் பொறுப்பை ஏற்பார். பனி விலகாத கணவாய்களைக் கடந்து, தென் ஜெர்மனியில் மேல் ஸ்வாபியா எனப்படும் வட்டாரத்தின் சந்தைகளுக்கு அவர்கள் போய்ச் சேர்வார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு விவசாயி பேரம் பேசி அழைத்துப் போவார். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வரை மாடு மேய்த்து, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு, விறகு சுமந்து, பிறகு ஊர் திரும்புவார்கள்.

இவர்களை வரலாறு ‘ஸ்வாபியக் குழந்தைகள்’ என்று பதிந்து வைத்திருக்கிறது. 1625ஆம் ஆண்டிலேயே ஃபோரார்ல்பெர்க்கின் புளூடென்ஸ் வட்டார நிர்வாகம் இன்ஸ்ப்ருக்கில் இருந்த மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை, ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் மாடு மேய்க்க ராவென்ஸ்புர்க், ஊபர்லிங்கன் பக்கம் போவதைக் குறிப்பிடுகிறது. ஒழுங்கான வழக்கமாக அது முடிவுக்கு வந்தது 1921இல். இடையில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள். உச்சத்தில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஐயாயிரம் முதல் ஆறாயிரம் பிள்ளைகள் போனதாக மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்: மலை வறண்டது, மக்கள் ஏழைகள், அதனால் பிள்ளைகளை அனுப்பினார்கள். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. இன் ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கும், கிழக்கே உள்ள புஸ்டர் பள்ளத்தாக்கும் அதே டிரோலைச் சேர்ந்தவைதாம். அங்கும் சரிவு செங்குத்து, அங்கும் பனி நீண்ட நாள் கிடக்கும். அங்கிருந்து இப்படி ஆண்டுதோறும் பிள்ளைகள் கூட்டமாகப் புறப்படவில்லை. ஒரே மலைத்தொடரில், ஒரே அரசின் கீழ், ஒரே மதத்தைச் சேர்ந்த இரண்டு வட்டாரங்களில் ஒன்று மட்டும் தன் பிள்ளைகளை அனுப்பியது என்றால், காரணத்தைப் பாறையிலும் பனியிலும் மட்டும் தேடினால் கிடைக்காது.

பாகப்பிரிவினையின் கணக்கு

மேற்கு டிரோலிலும், தென் டிரோலைச் சேர்ந்த வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் மேல்பகுதியிலும், ஃபோரார்ல்பெர்க்கின் தென்பகுதியிலும் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகும். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் மலையில் உழக்கூடிய நிலம் கூடுவதில்லை. தாத்தாவிடம் ஒரே துண்டாக இருந்த வயல் பேரப்பிள்ளைகள் காலத்தில் பத்துப் பன்னிரண்டு கீற்றுகளாகிவிடும். அவையும் ஒன்று ஆற்றோரம், ஒன்று காட்டோரம், ஒன்று மேல்சரிவில் என்று சிதறிக் கிடக்கும். பிரிக்க நிலம் போதாதபோது வீட்டையே பிரித்தார்கள். மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் ஒருவருக்கு, சில வீடுகளில் அறை அறையாக. ஒரே அடுப்படியை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வீடுகளும் இருந்தன. மழை ஒழுகும் கூரையை யார் செப்பனிடுவது என்ற சண்டைக்கு முடிவே இருந்திருக்காது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு மலைக்கு ஏறியது. குறைந்த நிலத்தில் அதிக வயிறு நிரப்பும் பயிர் என்பதால் இன்னும் சிறிய துண்டிலும் குடும்பம் நடத்தலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. பாகங்கள் மேலும் சிறுத்தன. 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து 1816இல் கோடையே வராமல் போனபோது, இந்த மெல்லிய ஏற்பாடு எவ்வளவு எளிதில் அறுந்துவிடும் என்பது தெரிந்தது. 1817இல் ஆல்ப்ஸ் முழுவதும் பஞ்சம்.

கீழ்ப்பள்ளத்தாக்குகளில் நடைமுறை வேறு. அங்கே பண்ணை உடையாமல் ஒரே வாரிசுக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் அண்ணன் பண்ணையிலேயே, அல்லது பக்கத்துப் பண்ணையில், கல்யாணம் இல்லாமல் ஆயுள் முழுதும் வேலைக்காரர்களாகக் காலம் தள்ளினார்கள். 1820 முதல் டிரோலிலும் ஃபோரார்ல்பெர்க்கிலும் ஏழைகள் திருமணம் செய்துகொள்ள உள்ளூராட்சியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டம் வேறு இருந்தது. அது நீக்கப்பட்டது 1921இல்தான். ஆகவே ஒரே வாரிசு முறை கருணையானது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அங்கே நெருக்கடியின் சுமையைத் தம்பி தங்கைகள் ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள். மேற்கில் அதைப் பத்து வயதுப் பிள்ளை எட்டு எட்டு மாதமாகச் சுமந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

இனி சமவெளியைப் பார்க்க வேண்டும். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்கே மேல் ஸ்வாபியாவிலும் ஆல்காவிலும் பண்ணைகள் பெரியவை. ஒரே வாரிசுக்குப் போனவை. ஆல்காவில் கெம்ப்டன் மடத்தின் ஆளுகைக்குள் 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் வேகமெடுத்த ஒரு மாற்றம் இங்கே முக்கியம். சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டைச் சுற்றி ஒரே பரப்பாக நிலம் அமையும்படி செய்தார்கள். பலர் ஊரை விட்டு வெளியேறித் தம் நிலத்தின் நடுவில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊர் மாட்டையெல்லாம் ஒரே மேய்ப்பர் பார்த்துக்கொண்ட பழைய முறை இதனால் தளர்ந்தது. வேலி இல்லாத மேய்ச்சலில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனியாக ஒரு மாட்டுக்காரப் பையன் தேவைப்பட்டான். 19ஆம் நூற்றாண்டில் ஆல்கா, துணிநூலுக்கான ஆளிச்செடி பயிரிடுவதைக் கைவிட்டுப் பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் மாறியபோது மாடுகள் பெருகின, தேவையும் பெருகியது.

நிலத்தைத் துண்டாக்கிய ஒரு வட்டாரமும், நிலத்தைச் சேர்த்துவைத்த இன்னொரு வட்டாரமும் சில நாள் நடைத் தொலைவில் இருந்தன. ஒன்றில் வேலைக்கு மிஞ்சிய கைகள், மற்றொன்றில் கைகளுக்கு மிஞ்சிய வேலை. முந்நூறு ஆண்டு நீடித்த அந்தச் சந்தையின் அடித்தளம் இந்தச் சேர்க்கைதான் என்பது என் முடிவு. வறுமை பிள்ளைகளைத் தள்ளியது உண்மை. எந்தப் பக்கம் தள்ளியது, ஏன் அதே பக்கம் திரும்பத் திரும்பத் தள்ளியது என்பதற்கு விடை சொத்துரிமையில் இருக்கிறது.

வீட்டுக் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை கொண்டுவரும் கூலியைவிட, அது எட்டு மாதம் வீட்டில் சாப்பிடாமல் இருப்பதே பெற்றோருக்குப் பெரிய வரவு. மார்ச் மாதம் மலை வீட்டின் சேமிப்பு தீரும் மாதம். பசுவுக்கு வைக்கோல் தீர்ந்திருக்கும், கிழங்குக் குழியில் விதைக்கு ஒதுக்கியது மட்டும் மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் மட்டுமே போனார்கள் என்றும் நினைக்கக் கூடாது. ஆண்கள் கொத்தனார்களாகவும் சுண்ணச்சிற்ப வேலைக்காரர்களாகவும் வசந்தத்தில் கிளம்பிப் பனிக்காலத்துக்குத் திரும்பினார்கள். மொன்டஃபோன் பள்ளத்தாக்கின் ஆட்கள் இலையுதிர்காலத்தில் முட்டைக்கோஸ் சீவும் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெர்மன் ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சீவிக் கொடுத்தார்கள். பெண்களும் முதியவர்களும்தான் கோடை முழுதும் மலை நிலத்தைக் காத்தார்கள். புலம்பெயர்வு இங்கே விதிவிலக்கில்லை. அதுவே ஆண்டின் ஒழுங்கு.

வழியும் சந்தையும்

வின்ஷ்காவ் பிள்ளைகளுக்குத்தான் மிக நீண்ட நடை. 1,500 மீட்டர் உயர ரெஷன் கணவாய் ஏறி, லாண்டெக் இறங்கி, மறுபடி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர ஆர்ல்பெர்க் கணவாயில் ஏறி, புளூடென்ஸ், பிரெகென்ஸ் வழியாக ராவென்ஸ்புர்க் சேர வேண்டும். சுமார் 200 கிலோமீட்டர். மார்ச் மாதத்தில் ஆர்ல்பெர்க்கில் பனி இடுப்பளவு கிடக்கும். பெரியவர்கள் மிதித்துப் பாதை போட, சிறியவர்கள் அந்தத் தடத்தில் கால் வைத்துப் போனார்கள். இரவில் வைக்கோல் கொட்டில்களிலும் மடங்களிலும் படுத்தார்கள். கணவாயின் உச்சியில் புனித கிறிஸ்டோபர் பெயரில் ஒரு சத்திரம் உண்டு. பனியில் சிக்கி மடியும் வழிப்போக்கர்களுக்காக 1386இல் அதைத் தொடங்கியவர் ஹைன்ரிஷ் என்ற எளிய மனிதர். பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர். பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகள் பல தலைமுறையாக அவர் கட்டிய இடத்தைக் கடந்துபோனார்கள் என்பதை நினைக்காமல் இந்தக் கணவாயைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

ராவென்ஸ்புர்க்கில் சந்தை கூடிய இடம் பாக் தெரு. வாங்கன், கெம்ப்டன், வால்ட்சே ஆகிய ஊர்களிலும் கூடியது. பின்னாளில் ஏரிக்கரை நகரமான ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் எல்லாவற்றையும் விஞ்சியது. காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். விவசாயிகள் நடந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். ஒருவர் நின்று, வயது என்ன, எத்தனையாவது முறை வருகிறாய், பால் கறக்கத் தெரியுமா என்று கேட்பார். கையைப் பிடித்துத் தசையைப் பார்ப்பார். பேரம் அழைத்துவந்த பெரியவரோடு நடக்கும். நாலு முறை வந்து பழகிய பதின்மூன்று வயதுப் பையன் தனக்குத் தானே பேசிக்கொள்வான். முடிந்ததும் கை குலுக்கல், அச்சாரமாக ஒரு காசு. கூலியின் முக்கியப் பகுதி உடுப்பு: தலை முதல் கால் வரை இரண்டு செட், வேலைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, கூடவே தோல் காலணி. அதற்கு மேல் கொஞ்சம் ரொக்கம். வலுவான பையனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்; சின்னப் பிள்ளைக்குச் சில நேரம் உடுப்பும் சாப்பாடும் மட்டுமே. மாலை நெருங்கியும் யாரும் அழைக்காத சிறு பிள்ளைகளை எவராவது ஒருவர் தலையில் கட்டிவிட அந்தப் பெரியவர் படாத பாடு படுவார்.

கிராபுண்டனின் மேல் ரைன் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்களில் பலர் ரோமான்ஷ் என்ற மலைமொழி பேசும் பிள்ளைகள். ஜெர்மன் சரியாக வராது. சந்தையில் தமக்காக என்ன பேசி முடிக்கப்பட்டது என்பதுகூட அவர்களில் சிலருக்கு விளங்கியிருக்காது.

பண்ணையில் எட்டு மாதம்

விடியுமுன் எழ வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போய், பக்கத்துப் பண்ணைப் பயிரில் வாய் வைக்காமல் காக்க வேண்டும். இடையில் விறகு, தண்ணீர், கிழங்கு தோண்டல். பெண் பிள்ளைகளுக்குத் தொட்டில், அடுப்படி, வாத்து மேய்ப்பு. பல பண்ணைகளில் அவர்களும் மாடு மேய்த்தார்கள். காலணி ஞாயிற்றுக்கிழமைக்கு என்பதால் மேய்ச்சலில் வெறுங்கால். செப்டம்பர், அக்டோபர் காலைகளில் புல்லில் உறைபனி படர்ந்திருக்கும்போது, மாடு சாணம் போட்டவுடன் ஓடிப்போய் அந்தச் சூட்டில் காலை வைத்துக்கொள்வார்கள். வெவ்வேறு பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த முதியவர்கள் தம் நினைவுகளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது.

உள்ளேயிருந்து எழுதப்பட்ட சாட்சியம் அரிது. ஃபோரார்ல்பெர்க்கின் ஷ்னிஃபிஸ் கிராமத்தில் 1854இல் பிறந்த ரெகினா லாம்பெர்ட், 1864இல் பத்து வயதில் முதன்முறையாக ஸ்வாபியாவுக்குப் போனவர். முதுமையில் தன் நினைவுகளை எழுதி வைத்தார். அவர் போன்றோரின் நினைவுகளைப் படிக்கும்போது ஒரே நிறத்தில் எதுவும் இல்லை. வீட்டில் கிடைக்காத வயிறார்ந்த சோறு, வெள்ளை ரொட்டி, அன்பாக நடத்திய எஜமானி என்று நன்றியோடு பேசுகிறவர்கள் உண்டு. முதல் வாரங்களில் வீட்டு நினைவில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுததை எண்பது வயதிலும் மறக்காதவர்கள் உண்டு. அடி, பட்டினி, பெண் பிள்ளைகள் மீது பாலியல் வன்முறை ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. ‘நல்ல பண்ணையும் இருந்தது’ என்ற வாதத்தால் இவற்றைச் சமன்செய்துவிட முடியாது. நல்ல பண்ணை வாய்க்குமா கெட்ட பண்ணை வாய்க்குமா என்பதை ஒரு குழந்தை தெருவில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் குறை.

பள்ளிச் சட்டத்தின் ஓட்டை

மேல் ஸ்வாபிய விவசாயிக்கு உள்ளூரிலேயே பிள்ளைகள் இருந்தார்களே, ஏன் மலையிலிருந்து வந்த பிள்ளை வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடை வகுப்பறையில் இருக்கிறது. மேல் ஸ்வாபியாவை ஆண்ட வியூர்ட்டெம்பெர்க் அரசில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பத்து வயதுப் பையன் காலை முதல் மாலை வரை முழுதாகக் கிடைப்பான். உள்ளூர்ப் பையன் கிடைக்க மாட்டான். தன் பிள்ளைகளைக் காக்கும் சட்டமே அடுத்த நாட்டுப் பிள்ளையின் மதிப்பைச் சந்தையில் கூட்டிவிட்டது. உழைப்புச் சட்டங்களின் வரலாற்றில் இதைப் போன்ற இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பாதுகாப்பு எந்த எல்லைக்கோட்டில் நிற்கிறதோ அங்கேதான் மலிவான கூலி தொடங்குகிறது.

மலைப்பக்கத்து அரசும் கண்ணை மூடிக்கொண்டது. ஆஸ்திரியாவில் மரியா தெரசா காலத்தில், 1774இலேயே பொதுப் பள்ளிச் சட்டம் வந்துவிட்டது. 1869இல் எட்டு ஆண்டுக் கட்டாயக் கல்வி வந்தது. ஆனால் மலைப் பகுதிகளில் கோடைக்கு விலக்கு கேட்டால் கிடைத்தது. நவம்பரில் திரும்பி மார்ச்சில் கிளம்பும் பிள்ளைக்கு ஆண்டுக்கு நான்கு மாதப் படிப்பு. சுவிட்சர்லாந்தில் 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பு தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிய பிறகு கிராபுண்டனிலிருந்து போகிறவர்கள் தொகை மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆஸ்திரியப் பக்கத்தில் அப்படிச் சுருங்கவில்லை. வறுமையில் இரு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் இருந்தது.

சந்தை எப்படி முடிந்தது

1884இல் ஆர்ல்பெர்க் ரயில் சுரங்கம் திறக்கப்பட்டது. பத்துக் கிலோமீட்டருக்கும் நீளமான அந்தச் சுரங்கம் பனிக் கணவாயின் நடையை ஒழித்தது. பிள்ளைகள் லாண்டெக்கில் ரயில் ஏறி, பிரெகென்ஸில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் போனார்கள். பயணத்தின் ஆபத்து குறைந்தது, புலம்பெயர்வு நிற்கவில்லை. போக்குவரத்து வந்தால் மலை மக்களின் நிலை தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

1891இல் டிரோல் குருமார்கள் ஒரு நலச் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தின் பொறுப்பில் பிள்ளைகள் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள், விவசாயியோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் போடப்பட்டது, கூலி முறைப்படுத்தப்பட்டது. தரகர்களின் பிடி தளர்ந்தது. இந்தச் சங்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதன் கையில் போன பிள்ளைக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தது. ஆனாலும் அது சந்தையை ஒழுங்குபடுத்தியதே தவிர மூடவில்லை. மூடும் நோக்கமும் அதற்கு இல்லை.

1908இல் அமெரிக்கப் பத்திரிகைகள் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் சந்தையை அடிமைச் சந்தை என்று கண்டித்து எழுதின. அதே ஏரியில்தான் எட்டு ஆண்டுகளுக்கு முன் செப்பலினின் முதல் ஆகாயக் கப்பல் பறந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த நகரம் அது. அவப்பெயர் உறைத்தது. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு வெளிப்படையான சந்தை நின்றது. போருக்குப் பின் தென் டிரோல் இத்தாலியின் கைக்குப் போனதால் வின்ஷ்காவ் பிள்ளைகளின் பாதையில் ஒரு புதிய எல்லை முளைத்தது. கடைசியாக 1921இல் வியூர்ட்டெம்பெர்க்கில் கட்டாயக் கல்வி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று ஆனது. அதன் பிறகும் அங்கொருவர் இங்கொருவராகப் போனார்கள், ஆனால் அமைப்பாக அது முடிந்தது. மலையில் வறுமை அந்த ஆண்டில் தீர்ந்துவிடவில்லை. 1920கள் ஆஸ்திரிய மலை விவசாயிகளுக்குக் கடினமான காலமே. சமவெளி விவசாயிக்கு மலைப் பிள்ளையால் கிடைத்த அந்த ஓர் ஆதாயம் மறைந்தவுடன் முந்நூறு ஆண்டு வழக்கம் தளர்ந்தது.

பிறகு மலைக்கு என்ன வந்தது

1901இல் புனித கிறிஸ்டோபர் சத்திரத்தில் கூடிய சில நண்பர்கள் ஆர்ல்பெர்க் பனிச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் ஆர்ல்பெர்க் அடிவாரத்துச் சங்க்ட் ஆன்டன் ஊரில் பனிச்சறுக்கு கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் தடம் பார்த்து நடந்த அதே பனிக்குப் பணம் கொடுத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மொன்டஃபோனில் 1924இல் நிறுவப்பட்ட இல் ஆற்று மின் நிறுவனம் அணைகளும் மின்நிலையங்களும் கட்டியது; கூலி வேலை உள்ளூருக்கே வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தொடர்ச்சி இருக்கிறது. நிலத்தையும் வீட்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட்ட மேற்கு டிரோலில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோடையிலும் பனிக்காலத்திலும் விருந்தினர் வரத் தொடங்கியபோது, அறை வாடகைக்கு விடக்கூடிய குடும்பங்களும் அங்கே அதிகமாக இருந்தன. இரண்டு மூன்று பசு, நான்கைந்து விருந்தினர் அறை, கணவனோ மனைவியோ கேபிள்கார் நிறுவனத்தில் பருவகால வேலை: இன்றும் அந்தப் பள்ளத்தாக்குகளின் பல வீடுகள் இந்தக் கலவையில்தான் ஓடுகின்றன. பத்து வயதுப் பிள்ளையை ராவென்ஸ்புர்க்குக்கு அனுப்ப வைத்த அதே சொத்துமுறை, ஒரு நூற்றாண்டு கழித்துச் சுற்றுலா வருமானத்தை ஒருசில பெரும்பண்ணைகளிடம் குவியவிடாமல் பரவலாக்கியது என்பது என் கணிப்பு. பிள்ளைகள் போய் வந்த பண்ணைகளின் பெயரையும், அவர்களுடைய ஊரையும் வயதையும் இப்போது மேல் ஸ்வாபியாவின் வோல்ஃபெக் கிராமிய அருங்காட்சியகம் ஆயிரக்கணக்கில் தொகுத்து வைத்திருக்கிறது. மேற்கு டிரோல், ஃபோரார்ல்பெர்க் குடும்பங்கள் தங்கள் பாட்டனையும் பாட்டியையும் அதில் தேடிப் பார்க்கின்றன.